சுஜாவின் கரை

நெய்யாற்றின்கரையில் மகளுக்குச் சேலை எடுக்கப் போயிருந்தோம். விற்பனைப் பெண் ஒரு கைத்தறிச் சேலையை விரித்தாள்; அதன் கரை முழுக்க மீன்வலைக் கண்ணிகளும் பலாச்சுளைகளும். "இது சுஜாவுக்க டிசைன் ஆக்கும். பாறசாலைக்காரி. எல்லாரும் இதத்தான் கேக்குதாவ."

சேலையின் கஞ்சி வாசம் முகத்தில் அடித்தது. ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், எங்கள் பாறசாலை வாசகசாலையில் இருந்த நெசவுப் புத்தகத்திலும் அதே வாசம்தான். பக்கத்துக்குப் பக்கம் நிஜத் துணித்துண்டுகளை ஒட்டியிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்தது நான். பெருமை தாங்காமல் பக்கத்து வீட்டு சுஜாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

தினமும் இருவரும் அதைப் பார்த்து வரைந்தோம். ஒருநாள் அம்மா இரண்டு நோட்டையும் புரட்டினாள். "சுஜா வரஞ்சது நல்லா உண்டு மக்கா. நீயும் அவளப் பாத்துப் படி."

மறுநாள் முதல் ஆளாகப் போய், அந்தப் புத்தகத்தைச் சட்டப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்தேன்.

சுஜா இரண்டு நாள் தேடினாள். "யாரோ எடுத்துட்டுப் போயிட்டாவ ஆக்கும்," என்று சொல்லி நானும் கூடத் தேடினேன். மூன்றாம் நாள் அவள் வெளியே உட்கார்ந்து, பலாச்சுளையையும் காய்ந்துகிடந்த மீன்வலையையும் பார்த்துத் தானாக வரைய ஆரம்பித்தாள். நான் உள்ளே புத்தகத்தைத் திருட்டுத்தனமாக எடுத்து, விடுமுறை முடியும்வரை அதையே பார்த்து வரைந்தேன்.

"அம்மா, இந்த சுஜாவ உங்களுக்குத் தெரியுமா?" மகள் கேட்டாள்.

"ஒண்ணாப் படிச்சோம்," என்றேன்.

அவளுக்கு அந்தச் சேலைதான் பிடித்திருந்தது. வாங்கிக் கொடுத்தேன். வீடு வந்து சேரும்வரை அந்தப் பையை நான் தொடவில்லை.