பால்சுறா என்று விற்ற மீன்

மலேசியாவில், மூவாரில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வேனில் மீன் கொண்டுவருகிறவன் என் மகளைக் கொல்லப் பார்த்தான்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று அவனிடம் பால்சுறா கேட்டேன். தோலுரித்த துண்டுகளைக் கொடுத்தான். புட்டு செய்து போட்டேன்.

கொஞ்ச நேரத்தில், "அம்மா, உதடு மரத்துப் போச்சும்மா" என்றாள். பிறகு கையைத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். வீட்டில் பச்சைக்குழந்தை பாலுக்குக் கத்தியது.

அவள் பிழைத்த பிறகு அவனைப் போய்க் கேட்டேன். சிரித்தான்.

"பிள்ளை பெத்த உடம்பு, அக்கா, வாயு ஏறியிருக்கும் லா. உதுத்த புட்டுல அது என்ன மீனுன்னு எப்படிக் காட்டுவீங்க?"

காட்டினேன். டாக்டர் கேட்டு வாங்கிய மிச்சப் புட்டைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பூண்டு, மஞ்சள் போட்டுக் கிளறினாலும் மீனின் மரபணு அழியாதாம். ஒவ்வொரு வகை மீனுக்கும் அதில் தனி அடையாளம் உண்டாம். பதில் வந்தது: சுறா இல்லை, பேத்தை. மலாய்க்காரர்கள் புந்தால் என்று ஒதுக்கும் விஷமீன்.

மீனைப் பார்த்தாலே தெரியும் என்று இத்தனை வருஷம் பெருமையடித்தேன். இப்போது வெட்டிய துண்டைத் தொடுவதே இல்லை. ஆனால் மீன்காரனே, உன்னை விடமாட்டேன். நாளைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டு வருவாய். வேனைச் சுற்றி நிற்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்: தெரிந்துதானே விற்றாய்?