லோகுவின் படத்தைச் சுற்றிய கறுப்புக் கோடு

கிழக்குத் தாம்பரத்தில் ஜீவிதாவின் கை படாமல் ஒரு கல்யாணம் நடந்துவிட முடியாது. ஒன்பது வருஷமாக ஒரு டி.டி.பி. கடையில் உட்கார்ந்து அவள் வடிவமைத்த பத்திரிகைகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் அச்சகத்தின் பேர் இருக்கும், போன் நம்பர் இருக்கும், சித்தப்பா பெரியப்பா வரிசை ஒரு முழத்துக்கு இருக்கும். எழுத்தை இழைத்து இழைத்து உட்கார வைத்தவள் பேர் மட்டும் இருக்காது. இது எந்த ஊர் நியாயம்?

வேதசிரோமணி நடத்திய ‘புறநகர் மணி’ பத்திரிகையிலும் அதே கதைதான். மாதம் இரண்டு இதழ்; பக்கம் முழுக்க அவள் கைவேலை. பேர் போடச் சொல்லிக் கேட்டால், “பத்திரிகைன்னா எழுத்தும்மா. மத்ததெல்லாம் பூவும் பார்டரும்” என்பார். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் பிடிவாதம்.

2003-ல் அந்தப் பத்திரிகையை இன்டர்நெட்டில் ஏற்ற முடிவானபோது ஜீவிதா விடவில்லை.

“சார், இந்தத் தடவை ‘வடிவமைப்பு: ஜீவிதா’ன்னு ஒரே ஒரு வரி.”

“முதல் வாரத்துல ஆயிரம் பேர் பாக்கட்டும். போட்டுடலாம்.”

அப்போதெல்லாம் பக்கத்தின் அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண் ஒன்று ஓடும். அந்த எண்ணில்தான் அவள் உயிரே இருந்தது.

ராத்திரி கனவில்கூட நிறம் பார்த்துப் பார்த்துச் செய்தாள். தட்டினால் வேறு பக்கம் போகிற இடங்களை எல்லாரும் நீலத்தில் விடுவார்கள். அவளுக்கு அது மட்டமாகப் பட்டது. கறுப்பாக மாற்றினாள். அடடா, என்ன அழகு! முகப்பில் கானத்தூர் மீனவர் லோகுவின் படம். அலையில் மாட்டிய இரண்டு கல்லூரி மாணவர்களை இழுத்துக் கரை சேர்த்தவர். ஏற்றப்போகும் நேரத்தில் வேதசிரோமணி, “படத்தைத் தட்டினா முழுக் கட்டுரை வரணும்” என்றார். செய்தாள். அவசரத்தில் திரும்பிப் பார்க்காமல் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் காலை எண் முந்நூற்றுச் சொச்சம். பதினோரு மணிக்கு எழுநூறு! வேதசிரோமணி ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தார். “மஸ்கட்டாம், துபாயாம், எங்கிருந்தெல்லாம் பாக்கறாங்க பாரும்மா!” ஜீவிதாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆயிரத்தைத் தாண்டியபோது கைதட்டியே விட்டாள்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே கடைக்குள் நுழைந்தார் லோகு. பின்னாலேயே அவர் மகள் அஞ்சலி, அழுது வீங்கிய கண்ணோடு.

“இன்னாம்மா, நல்லா கீற மனுசன இப்டி சாவடிச்சிட்டீங்களே! எம் புள்ள வினோத்து மஸ்கட்ல அயுதுகினு கீறான். ‘நான்தான்டா பேசறேன்’னு போன்ல சொன்னாலும் நம்ப மாட்டேன்றான். சித்தப்பன் கொரல்னு நெனச்சிக்கினான்!”

அஞ்சலிதான் விளக்கினாள். அவள் அண்ணனுக்கு, பக்கத்தின் முகவரியோடு ‘அப்பா வந்திருக்கார், பாரு’ என்று ஆங்கில எழுத்தில் மெயில் அனுப்பியிருந்தாள். அவன் கம்பெனி கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது. கட்டுரை முழுக்கக் கன்னாபின்னாவென்று குறிகள். தெரிந்தது ஒன்றே ஒன்று, அப்பாவின் படம். அதைச் சுற்றிக் கறுப்பு பார்டர்.

ஜீவிதா பக்கத்தைத் திறந்தாள். ஐயோ! தட்டுகிற படத்தைச் சுற்றி கம்ப்யூட்டர் தானாகவே ஒரு கோடு போடும். அவள் தேர்ந்தெடுத்த நிறத்திலேயே போடும். சுவரொட்டியில் ‘கண்ணீர் அஞ்சலி’க்குப் போடுவார்களே, அதே கோடு. கானத்தூர்ப் பிள்ளைகள் வளைகுடாவில் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேரும் துக்கம் விசாரிக்க வந்ததுதான் அந்த ஆயிரம்.

வேதசிரோமணி ஸ்வீட் பாக்கெட்டை மூடி வைத்தார். “கோட்ட எடும்மா. ‘தொழில்நுட்பக் கோளாறு’ன்னு போட்டு முடிச்சுடலாம்.”

“கோளாறு இல்ல சார். நான் போட்ட நிறம். நான் பாக்காம விட்டது.”

“உன் பேரையா போடப்போற? வந்து அடிப்பாங்க!”

“அடிக்கட்டும்.”

லோகுவை வாசல் வெயிலில் நிறுத்தி, அன்றைய தினசரியைக் கையில் கொடுத்துத் தேதி தெரிகிற மாதிரி பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தாள். “சிரிங்கண்ணா” என்றாள். “செத்தவன் சிரிக்கறத மஸ்கட்காரன் பாக்கட்டும்” என்று அவர் சொன்னதில் அஞ்சலிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாசகத்தை எழுத்தாக அடித்தால் அங்கே மறுபடியும் குறியாகத்தான் போகும். அதனால் வாசகத்தையே படமாக்கி அடியில் ஒட்டினாள்: ‘லோகு அண்ணன் நலம். கறுப்புக் கோடு என் தவறு. மன்னிக்கவும். வடிவமைப்பு: ஜீவிதா.’

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் பேர். அதுவும் மன்னிப்புக்குக் கீழே! அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் உட்கார்ந்திருந்த எழுத்தைப் பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

‘பக்கத்தை மறுபடி பாரு’ என்று அஞ்சலி அண்ணனுக்கு மெயில் அனுப்பிய கால் மணி நேரத்தில் லோகுவின் செல்போன் அடித்தது. அந்தப் பக்கம் வினோத் கத்துவது கடை முழுக்கக் கேட்டது. “நைனா! நீ சிரிக்கிற நைனா! தமிழ் நல்லா தெரியுது! யாரு நைனா அந்த ஜீவிதா அக்கா?”

வேதசிரோமணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நாலு நாள் உக்காந்து எழுதினேன். அதுல ஒரு எழுத்துகூட அந்தப் பையனுக்குப் போய்ச் சேரல. உன் கோடு போய்ச் சேந்துச்சு. உன் பேரும் போய்ச் சேந்துச்சு.”

வாரக் கடைசியில் அடுத்த கட்டுரையை ஏற்றும்போது ஜீவிதா பழைய அறிவிப்பை எடுக்கப் போனாள். அவர் எழுந்து வந்து திரையின் மேல் விரலை வைத்தார்.

“மன்னிப்ப மட்டும் எடும்மா. பேர் இருக்கட்டும்.”