இரண்டாவது சாவி

தெருவில் நடக்கும்போது எந்தக் கடை பூட்டிக் கிடந்தாலும் நின்று, பூட்டைக் கையில் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பழகியவர்கள், "நம்ம பூட்டுக்காரர்தான், விடு" என்பார்கள். பூட்டுத் தொழிற்சாலையில் தலை நரைக்கும் வரை அரம் பிடித்த கை அது. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா கிடக்க மாட்டேன் என்கிறது.

பித்தளையை ராவி ராவி, வேர்வைகூடப் பச்சையாக வந்த காலம் ஒன்று இருந்தது. "காலரெல்லாம் பச்சை பூத்திருக்கே, ஃபேக்டரிக்குப் போறீங்களா, புல்லு வெட்டப் போறீங்களா?" என்று சட்டையைத் துவைக்கும்போது மனைவி வம்புக்கு இழுப்பாள். அவள் போய்விட்டாள். இப்போது காலர் வெள்ளைவெளேர் என்று இருக்கிறது. கேலி செய்யத்தான் ஆளில்லை.

அவர் மேசையிலிருந்து எந்தப் பூட்டும் ஒற்றைச் சாவியோடு போனதில்லை. இரண்டையும் நூலால் கட்டித்தான் அனுப்புவார். "ஒண்ணு உள்ள இருக்கறவனுக்கு, இன்னொண்ணு வெளிய இருக்கறவனுக்கு" என்பார். இவ்வளவு சொல்கிற மனிதர், தன் மாடியறைக் கதவை மட்டும் பூட்டுவதில்லை. வெறுமனே சாத்தி வைப்பார். பக்கத்து மேசையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், உள்ளே பூட்டிக்கொண்டு தூங்கிய அறையிலேயே இறந்துபோனார். நாற்றம் வந்த பிறகுதான் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தது. கதவை உடைத்தபோது இவரும் அங்கே நின்றிருந்தார். பலகை பிளந்தது, பூட்டு அசையவில்லை. அது இவர் கையால் செய்த பூட்டு. செத்தால் செத்துப்போகட்டும், யாருக்கும் தெரியாமல் மட்டும் கிடக்கக் கூடாது என்ற பயம் அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

போன வாரம் பட்டப்பகலில், இவர் கண்ணயர்ந்த நேரத்தில், எவனோ உள்ளே புகுந்து ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பூட்டுக்காரர் வீட்டிலேயே திருட்டு! தெருவே வாய்விட்டுச் சிரித்தது. வெளியூரிலிருந்து மகன் ஓடிவந்து, "மானத்த வாங்காதீங்கப்பா, பூட்டித் தொலைங்க" என்று கத்தினான். மனைவி போன அன்று அவள் சாவியைத் தன் சாவியோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். அந்த நூலைப் பிரித்து, ஒன்றை மகனிடம் நீட்டினார்.

"எனக்கெதுக்குப்பா? நான் எப்ப வரப்போறேன்?"

மகன் கெட்டவன் இல்லை, உள்ளதைச் சொன்னான். "அதுவும் சரிதான்" என்று சிரித்து, அவனைப் பஸ் ஏற்றிவிட்டார். வரும் வழியில் எந்தக் கடைப் பூட்டையும் தொடவில்லை.

கீழ்வீட்டில் தையல்காரம்மா மிஷினில் உட்கார்ந்திருந்தாள். வாசலிலேயே தயங்கி நின்றார். எத்தனையோ ஆயிரம் சாவிகளைச் செய்து அனுப்பியவருக்கு, ஒன்றை நீட்டக் கை வரவில்லை.

"என்னண்ணே, பட்டன் பிஞ்சு போச்சா?"

"இல்லம்மா. இந்தச் சாவிய வச்சுக்கறியா? இனிமே பூட்டிக்கிட்டுத் தூங்கலாம்னு இருக்கேன். காலைல மாடில நடக்கற சத்தம் கேக்கலன்னா, ஒரு எட்டு வந்து திறந்து பாரு."

மிஷின் நின்றது. அவள் கீழே கிடந்த வெட்டுத்துணியில் ஒரு கீற்றைக் கிழித்தாள். நாள் முழுக்கக் கையை விட்டு இறங்காத கத்தரிக்கோலின் பிடியில் சாவியைக் கோத்து, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.