பிரேக் அக்காவின் மூளைக்குள் ஒரு ஸ்டென்ட்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்தே ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள்.

அன்று காலை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் ஒரு வங்கி மேனேஜர் அம்மாள். சிக்னலில் சிவப்பு விழுந்தது. பிரேக் அக்கா மிதிக்கப் பார்த்தாள். வலது கால் அசையவே இல்லை. நிறுத்தச் சொல்ல வாயெடுத்தால் நாக்கு குழறியது. நல்லவேளை, மேனேஜர் அம்மாளே மிதித்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் காலும் பேச்சும் திரும்பிவிட்டன. ஒன்றுமில்லை என்று சமாளித்தவளை அந்த அம்மாள் விடவில்லை. டாக்ஸி பிடித்து நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்.

மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் நூலாகச் சுருங்கியிருந்தது. கொடுத்த மாத்திரைகளை ஒருவேளைகூடத் தவறாமல் விழுங்கினாள். அப்படியும் இரண்டு மாதத்தில் இன்னும் இரண்டு முறை கால் செயலிழந்து மீண்டது. இனி ஸ்டென்ட் என்னும் சின்னக் கம்பிவலைக் குழாயை உள்ளே வைத்து அந்த இடத்தை விரித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். வைக்கும்போதே பக்கவாதம் வரக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை. கணவருக்கு முகம் வெளிறியது. அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

முழு மயக்கம் கொடுக்கவில்லை. இடது தொடையிடுக்கை மரத்துப்போக வைத்து, மெல்லிய குழாயை ரத்தநாளம் வழியாக மேலே செலுத்தினார்கள். பயம் போன இடம் தெரியவில்லை. ஆர்வம்தான் பிய்த்துக்கொண்டு வந்தது.

"எங்க வந்திருக்கீங்க, டாக்டர்?"

"கழுத்தைத் தாண்டியாச்சு. இனிமேதான் வளைவெல்லாம்."

"வளைவுல வேகம் கூடாது."

முகக்கவசத்துக்குள் டாக்டர் சிரித்தது கேட்டது. குழாய் வளைவுகளைத் தாண்டிப் போய், சுருங்கிய இடத்தில் ஸ்டென்ட்டை விரித்தது. தலைக்குள் சுருக்கென்று ஒரு வலி.

"வலது கால் விரலை ஆட்டுங்க."

ஆட்டினாள். ஐந்தும் ஆடின. டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். நூலாக இருந்த இடத்தில் சாயமருந்து கலந்து கறுப்பாகத் தெரிந்த ரத்தம் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் தங்கைக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் அந்தக் கதைதான். கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"மூளையில கம்பி வெச்சதுலேர்ந்து வாய் ரெண்டு மடங்காயிடுச்சு."

சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து மறுபடியும் முழுக் கதையையும் கேட்டார். மாத்திரை தொடர்ந்தது. மூன்று மாதம் கழித்து, சோதனைகளைப் பார்த்துவிட்டு டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார். அந்தத் திங்கட்கிழமை அவள் அரைமணி முன்னதாகவே கிளம்பிவிட்டாள்.