ராசம்மாள் சொல்லாத பெயர்

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டுக்கு அடுத்த வீடு ராசம்மாள் பெரியம்மாவுடையது. இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மண் சலிக்கும் வேலை அவருக்கு. சாயங்காலம் திரும்பி வரும்போது புருவம், காதோரம், மூக்குத்தி எல்லாவற்றிலும் கருமண் அப்பியிருக்கும். முகம் கழுவினால்தான் வந்திருப்பது யாரென்று பட்டனுக்கே நிச்சயமாகும். பட்டன் அவருடைய நாய். என் முழங்காலுக்கும் எட்டாத உயரம், வெள்ளையில் பழுப்புத் திட்டு, குரல் மட்டும் லாரி ஹாரன் மாதிரி.

அதைக் கொண்டுவந்தவர் அவர் வீட்டுக்காரர் மாசாணம். அதே பவுண்டரியில் உலையில் நின்றவர். ஒவ்வொரு சித்திரையும் வெள்ளியங்கிரி மலை ஏறுவார். ஒரு வருடம் அடிவாரத்தில் கிடைத்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பட்டன் இருக்கிற இடத்தில் தலையை நீட்டியதால் அந்தப் பெயர்.

மலையிலிருந்து இறங்கி வந்தால் அவர் கேட்கிற முதல் கேள்வி எங்கள் லைனுக்கே மனப்பாடம்.

"ராசு, ஏழாவது மலை மேல நின்னு உம் பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். காதுல உழுந்துச்சா?"

"உழுந்துச்சுங்க. சல்லடையக் கீழ வெச்சுப்போட்டுத் திரும்பிப் பாத்தேனுங்க."

பதினோரு வருடம் இதே கேள்வி, இதே பதில். தொண்ணூற்று மூன்று ஐப்பசியில் நெஞ்சுச் சளி முற்றி அவர் போய்விட்டார். அதன்பின் பெரியம்மாவுக்கு ஒரே குறை. அவர் பதினோரு தடவை கூப்பிட்டார், தான் ஒரு தடவைகூடத் திருப்பிக் கூப்பிடவில்லை.

இதில் சிக்கல் இரண்டு. ஐம்பது வயசு ஆகாத பெண்கள் அந்த மலை ஏறுவதில்லை என்பது வழக்கம். அடுத்தது, பெரியம்மா புருசன் பெயரைச் சொல்ல மாட்டார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் 'ஏனுங்க' மட்டும்தான். ஒருமுறை ரேசன் கடையில் வீட்டுக்காரர் பெயர் கேட்டபோது என்னை இடித்து, "நீ சொல்லு கண்ணு" என்றார். நான் விளையாட்டுக்கு "செங்கோட்டையனுங்க" என்றேன். கடைக்காரர் எழுத ஆரம்பித்துவிட்டார். பெரியம்மாவால் மறுக்கவும் முடியவில்லை, திருத்தவும் முடியவில்லை. என் தொடையைக் கிள்ளிய கிள்ளில் சரியான பெயர் தானாக என் வாயில் வந்தது.

அப்படிப்பட்ட என்னை நம்பித்தான் தொண்ணூற்று நாலில் மலைக்கு அனுப்பினார். எட்டாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பிரிந்திருந்தோம். எனக்கும் வேறு ஜோலி இல்லை.

"ரவி, பட்டனக் கூட்டிட்டுப் போயிட்டு வா கண்ணு. ஏழாவது மலைல அவரு குடிக்கற இந்தப் பீடிக்கட்ட வெச்சுப்போட்டு, உங்க பெரீப்பன் பேரச் சொல்லி ஒரு சத்தம் போடு."

தன் பழைய சேலையின் சிவப்புக் கரையைக் கிழித்து அந்தப் பீடிக்கட்டில் முடிச்சுப் போட்டிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாவது மலையைத் தாண்டவில்லை. கைதட்டிச் சுனை என்ற இடம். நிழல், நல்ல தண்ணீர், படுக்கத் தோதான ஒரு பாறை. பட்டனும் நானும் ஆளுக்கு ரெண்டு பன் தின்றுவிட்டுத் தூங்கினோம். பீடிக்கட்டைப் பாறை இடுக்கில் செருகிவிட்டு இறங்கி வந்து, ஏழாவது மலையில் அடித்த காற்றைப் பற்றி அரைமணி நேரம் கதை விட்டேன்.

"கூப்பிட்டயா கண்ணு?"

"தொண்ட கிழிய மூணு வாட்டிங் பெரீம்மா."

"மணி பத்து இருக்குமா?"

"கரெக்டா பத்துங்."

"நெனச்சேன். அப்பத்தான் எனக்கு என்னமோ தோணுச்சு" என்றார். கண்ணைத் துடைத்ததில் கன்னத்துக் கருமண் கோடாக இழுபட்டது. அன்றே சொல்லியிருக்கலாம். அடுத்த வருடம் மறுபடியும் பீடிக்கட்டு, மறுபடியும் மூன்றாவது மலை, மறுபடியும் பத்து மணி.

தொண்ணூற்றாறு சித்திரையில் பெரியம்மா, "எனக்கு அம்பது ஆயிப்போச்சு" என்று அறிவித்தார். ரேசன் கார்டில் நாற்பத்தாறு, பவுண்டரி ரிஜிஸ்டரில் ஐம்பத்து மூன்று. எதைக் கேட்பது? "நானே ஏறறேன். நீ வழி காட்டு."

விடிந்ததும் அடிவாரத்துப் பூண்டியில் ஆளுக்கொரு மூங்கில்தடி வாங்கிக்கொண்டு ஏறினோம். என் தோளில் தார்ப்பாயும் போர்வையும். பெரியம்மாவின் தூக்குப்போசியில் புளிச்சோறு. பட்டனின் குட்டைக் காலுக்குப் படி ஒவ்வொன்றும் சுவர்தான், ஆனாலும் தாவித் தாவி எங்களுக்கு முன்னால் போனது. முடியாத இடத்தில் என் மஞ்சப்பைக்குள் உட்கார்ந்து ராசா மாதிரி வந்தது.

"நாலாவது மலைல என்ன இருக்கு கண்ணு?"

"மரமுங்க."

"அஞ்சாவதுல?"

"அதுலயும் மரந்தானுங்க."

கைதட்டிச் சுனை வந்ததும் பட்டன் பைக்குள்ளிருந்து குதித்தது. நேராக அந்தப் பாறைக்கு ஓடி, மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்து, பன் எங்கே என்று என்னைப் பார்த்தது. நான் வானத்தைப் பார்த்தேன். பன் வராத கோபத்தில் அது பாறை இடுக்கைப் பிறாண்டியது. வெளியே வந்தது சிவப்புக் கரை முடிந்த இரண்டு பீடிக்கட்டு. ஒன்று வெளுத்தது, ஒன்று போன வருடத்தது.

பெரியம்மா இரண்டையும் எடுத்து மடியில் வைத்து நீவினார்.

"முடிச்சு அவுந்திருக்கே. எத்தன பீடிடா குடிச்ச?"

"ஒண்ணே ஒண்ணுங். இருமல் வந்துருச்சு."

"சத்தம் போட்டயா? இங்கிருந்தாச்சும்?"

"இல்லீங் பெரீம்மா."

"அப்ப ரெண்டு வருசமா அவரு யாருமே கூப்பிடாமத்தான் இருக்காரா?"

பெரியம்மா எழுந்து தடியை ஊன்றி மேலே நடந்தார். அதற்குப்பின் எந்த மலையில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்கவில்லை. வழியில் எதிர்ப்பட்டவர்களைக் கேட்டார்.

ஆறாவது மலைக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பாறையோரம் தார்ப்பாயைக் கட்டிப் படுத்தோம். குளிரில் பட்டன் இருவருக்கும் நடுவில் சுருண்டது. போர்வை எங்கள் இருவருக்கும் போதவில்லை. நான் தூங்கிவிட்டதாக நினைத்து முழுப் போர்வையையும் என் பக்கம் தள்ளிவிட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

காலையில் ஏழாவது மலை. சாமி கும்பிட்டுவிட்டு, புதிய பீடிக்கட்டை ஒரு கல்லடியில் வைத்தார். அப்புறம் ஓரமாகப் போய் நின்றார். கீழே மஞ்சு மூடிக் கிடந்தது. எந்தப் பக்கம் பவுண்டரி, எந்தப் பக்கம் கேரளா என்றே தெரியவில்லை. பெரியம்மா வாயைத் திறந்தார். மூடினார். உதட்டில் 'மா' வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன்.

"வரமாட்டேங்குது கண்ணு."

"நாங் கூப்பிடட்டுங்களா?"

"இரு."

இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக்கொண்டு பெரியம்மா கத்தினார்.

"ஏனுங்கோ...!"

பின்னால் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த மூன்று பேர் ஒரே சமயத்தில் திரும்பினார்கள்.

"ஏனம்மிணி?"

"அய்யோ, உங்கள இல்லீங்க!"

அவர்கள் சிரித்தார்கள். பெரியம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"இத்தன பேரு திரும்பறாங்க. அவரத்தான் கூப்பிட்டேன்னு அவருக்கு எப்படிக் கண்ணு தெரியும்?" என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு" என்றார்.

இரண்டு வருடமாகப் பாக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"மாசாணம்...!"

பெரியம்மாவின் காலடியில் படுத்திருந்த பட்டன் துள்ளி எழுந்தது. பெரியப்பா போனபின் அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. என்னை அது பார்க்கவே இல்லை. காதை விறைத்துக்கொண்டு, நாங்கள் ஏறி வந்த பாதை முடிகிற இடத்துக்கு ஓடிப்போய் நின்றது. வால் மெல்ல ஆடியது. மஞ்சுக்குள்ளிருந்து ஒருவர் ஏறி வந்தார். அவர் காலை மோந்து பார்த்துவிட்டு, அடுத்த ஆளுக்காக மறுபடியும் பாதையையே பார்த்தது.

"போலாங்களா பெரீம்மா? வெயில் ஏறிருச்சுன்னா இறங்கறது சிரமமுங்க."

"இரு கண்ணு" என்று பெரியம்மா அங்கேயே உட்கார்ந்தார். "அது பாக்கட்டும்."

நானும் உட்கார்ந்தேன். கீழிருந்து இன்னும் ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.