நாலு பாயிண்ட் போட்ட நாள்

பத்தாம் வகுப்பில் எங்கள் பள்ளியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் நான்தான் உயரம். எந்த ஆட்டமானாலும் இருபது பாயிண்டுக்குக் குறையாமல் போடுவேன். மறுநாள் காலை பி.டி. மேடம் யார் எத்தனை போட்டார்கள் என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார். என் பெயர் எப்போதும் மேலே இருக்கும். மற்ற நான்கு பேரையும் சேர்த்துக் கூட்டினாலும் பத்து தேறாது. அந்த வருஷப் போட்டியில் முதல் இரண்டு ஆட்டங்களிலும் நாங்கள் தோற்றதும் அதே காகிதத்தின் அடியில் எழுதியிருந்தது. வீட்டில் நான் மேல் பாதியை மட்டும்தான் சொல்வேன்.

அம்மாவுக்கும் அது போதும். வைட்ஃபீல்டில் ஓர் அபார்ட்மெண்டில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தாள். நான் சொல்லும் எண்ணிக்கை அடுத்த நாளே அங்கே லிஃப்ட் துடைப்பவர்கள் முதல் செக்யூரிட்டி வரை எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அணியிலேயே குள்ளமானவள் என் தோழி. கோலார் தங்கவயலிலிருந்து வந்த குடும்பம். அவள் அப்பாவுக்குப் பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலை. ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார்கள். எதிராளியின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பறித்த பந்தை நேராக என்னிடம் கொடுப்பாள். கூடையைப் பார்த்து அவள் எறிந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு வந்த சனிக்கிழமைப் பயிற்சியில் பந்து என்னிடம் வரவே இல்லை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். கத்தினேன். யாரும் திரும்பவில்லை. பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்று புரியப் பத்து நிமிஷம் ஆனது. கோர்ட்டை விட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

தோழி பின்னாலேயே வந்தாள்.

"நீ போட்டா உள்ள போவுது, அத யாரும் இல்லேன்னு சொல்லல. ஆனா நாங்க நாலு பேரு சும்னே ஓடிக்கினு இருக்கோம். இன்னிக்கு ஒரு நாள் எங்க மாதிரி ஓடிப் பாரு."

கோபத்தில் எழுந்து போய் ஓடினேன். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அரை மணி நேரம், பந்தைத் தொடாமல். கால் வலித்ததை விட அலுப்புதான் அதிகம். இத்தனை நாள் இவர்கள் எதற்காகப் பயிற்சிக்கு வருகிறார்கள் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை பாஸ் கொடுக்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

கொடுப்பது எளிது. கொடுத்த பிறகு பார்த்துக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். நான் கொடுத்த முதல் ஆறு பந்தையும் தோழி வெளியே எறிந்தாள். ஒன்று போர்டையே தொடவில்லை. நான் எறிந்திருந்தால் குறைந்தது ஐந்து உள்ளே போயிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அப்புறம்தான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். பந்து கையை விட்டுப் போகும்போது அவள் கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறாள். சொன்னபோது நம்பவில்லை. இன்னொருத்தி போனில் வீடியோ எடுத்துக் காட்டினாள். அதைப் பார்த்து நாங்கள் ஐந்து பேரும் கோர்ட்டில் உட்கார்ந்து சிரித்தோம். பள்ளி விட்டதும் தினமும் அவள் எறிவாள், நான் பொறுக்கிக் கொடுப்பேன். இரண்டு வாரத்தில் கண் திறந்தது. பந்தும் உள்ளே விழ ஆரம்பித்தது.

அடுத்த இரண்டு ஆட்டங்களை ஜெயித்தோம். கடைசியாக மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். அன்று பார்த்து அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு, யூனிஃபார்ம் புடவையோடு மெட்ரோவில் வந்து இறங்கினாள். அவள் பார்க்கும் முதல் ஆட்டம் அது.

எதிரணியினர் என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். இரண்டு பேர் என்னை விட்டு நகரவே இல்லை. அதனால் மற்றவர்களில் யாராவது ஒருத்தி எப்போதும் தனியாக நிற்பாள். பந்து வந்ததும் அவளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் கோட்டுக்கு வெளியிலிருந்து, "நீயே போடுடி," என்று அம்மா குரல் கேட்டது. கடைசி நிமிஷத்தில் ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். கூடைக்கு நேர் கீழே என் கையில் பந்து. முன்னால் நான்கு கைகள். இடது மூலையில் தோழி நின்றாள். கொடுத்தேன். கண்ணைத் திறந்தபடியே எறிந்தாள். ஒரு பாயிண்டில் ஜெயித்தோம்.

கத்திக் குதித்து முடித்துவிட்டு அம்மாவிடம் ஓடினேன். முகம் சரியில்லை.

"நாலுதாண்டி போட்ட. எண்ணிக்கினுதான் இருந்தேன். வேலைக்குப் போயி அங்க நான் இன்னான்னு சொல்லுவேன்?"

நான் கொடுத்த பந்தில்தான் பாதிக்கு மேல் விழுந்தது என்று விளக்கினேன். அப்படியென்றால் அதை ஏன் நோட்டீஸ் போர்டில் எழுதுவதில்லை என்று கேட்டாள்.

அந்த நேரம் மைக்கில் மாவட்ட அணியின் பயிற்சி முகாமுக்குத் தேர்வானவர்களின் பெயர்களைப் படித்தார்கள். எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பெயர். தோழியின் பெயர். அன்று பதினான்கு பாயிண்ட் போட்டிருந்தாள். எல்லோரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் பறித்துத் தந்த பந்தில்தான் இத்தனை நாளும் நான் பெயர் வாங்கினேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுகை நிற்கவில்லை.

மறுநாள் தோழி வந்து, போகப் போவதில்லை என்றாள். முகாம் ஊரின் மறுகோடியில். விடியற்காலையிலேயே பஸ் ஏற வேண்டும். தனியாக அனுப்ப அவள் அம்மாவுக்குப் பயம். இதைக் கேட்டதும் என் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சண்டை போடத்தான் போகிறாள் என்று நினைத்து நானும் பின்னால் ஓடினேன்.

அந்த வீட்டுக் கதவருகே நின்றபடியே, "க்கா, பொண்ணு நல்லா ஆடறா, நானே பாத்தேன். எம்பொண்ணு கூடப் போவா. இவ நெட்டுக்கு எவனும் கிட்ட வரமாட்டான்," என்றாள்.

என்னைக் கேட்கவே இல்லை. பத்து நாள் இருட்டோடு எழுந்து அவளோடு பஸ்ஸில் போனேன். முதல் இரண்டு நாள் மைதானப் படிக்கட்டில் உர்ரென்று உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் கோச் என்னைக் கூப்பிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பந்து பொறுக்கிப் போடச் சொன்னார். நான்காம் நாள் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்ததால் அவள் இடத்தில் நின்று ஆடினேன். அங்கே தோழியைத் தவிர எல்லோருமே என்னளவு உயரம். ஒருத்தி என்னிடமிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு ஓடியபோது கோபத்துக்குப் பதில் சிரிப்புதான் வந்தது.

முகாம் முடிந்து தோழிக்கு மாவட்டத்தின் பெயர் போட்ட நீல நிற டீ-ஷர்ட் கொடுத்தார்கள். ஒரு வாரம் அதைக் கழற்றாமல் திரிந்தாள். ஒரு நாள் போட்டுக்கொள்ளத் தரச் சொன்னேன். துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு இடுப்பு வரைகூட எட்டவில்லை. இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே சாயங்காலம் வரை அதைப் போட்டுக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தேன்.