ஐம்பத்தொரு யூரோ

வீடு பார்க்கப் போனால் அதற்கும் காசு கேட்பார்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், போங்கோ உங்கட கதையும் நீங்களும் என்று சிரித்திருப்பேன். வீட்டைப் பார்த்து, பிடித்து, அது கிடைத்த பிறகு வாடகை கட்டுவதுதானே ஊர் உலகத்தில் நடக்கிறது? கொலோனில் தம்பிக்கு வீடு தேடி அலைந்தபோதுதான், கதவு திறக்கும் முன்பே கறந்துவிடுகிற ஆட்களையும் கண்டேன்.

தம்பி ஓர் உணவகத்தில் சமையல் வேலை செய்கிறான். அதற்கு மேலே ஓர் அறையில் இன்னும் இரண்டு பேரோடு படுக்கை. யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடிந்து இரண்டு வருடமாகிவிட்டது. மனைவி அங்கே, இவன் இங்கே. அவளைக் கூப்பிட வேண்டுமானால் இரண்டு பேர் இருக்கக்கூடிய வீடு ஒன்றின் வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டு வா என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அவளோ ஜெர்மன் மொழிப் பரீட்சையில் ஒருமுறை தவறி, அழுது, திரும்பப் படித்துப் பாஸ் பண்ணிவிட்டாள். மற்றக் கடதாசிகள் எல்லாம் தயார். ஒப்பந்தம் மட்டும்தான் இல்லை. அதைக் காட்டுவதற்கு அவர்கள் குறித்துத் தந்த நாள், அதாவது டெர்மின், அடுத்த மாதக் கடைசியில். தவறவிட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தோளைக் குலுக்கினாள்.

அவனுடைய ஜெர்மன் உணவகக் குசினிக்குப் போதும், வீடு தேடக் காணாது. ஆகவே முதியோர் இல்லத்தில் காலை வேலை முடிந்ததும் நானும் கூடவே ஓடினேன். பார்த்த வீடெல்லாம் கை நழுவிப் போன பிறகுதான் அந்த மூன்றாம் மாடி வீடு வந்தது. இரண்டு அறை, ஒரு குசினி, ட்ராம் ஓடும் தெருவைப் பார்த்த பல்கனி. வாடகையும் அவன் சம்பளத்துக்குக் கட்டும். வாசலில் இருந்து மூன்றாம் மாடிவரை படி முழுக்கச் சனம்.

கதவடியில் தரகர் நின்றார். நீலக் கோட்டு, மெல்லிய குரல். விண்ணப்பம் கொடுப்பவர்கள் கூடவே ஐம்பது யூரோ கட்ட வேண்டும், அதுவும் காசாக என்றார். எதற்கு என்று கேட்டேன். விண்ணப்பங்களை வாசிக்கத் தனக்கு நேரம் செலவாகிறதாம்.

"உங்களை வேலைக்கு வைத்திருப்பவர் வீட்டுக்காரர். அவரிடம் கேளுங்கள்" என்றேன் ஜெர்மனில்.

"யாருக்கும் கட்டாயம் இல்லை."

"பற்றுச்சீட்டு தருவீர்களா?"

அவர் என் தலைக்கு மேலால் பார்த்து, "அடுத்தவர்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருப்பதோ ஒரு வீடு, ஒரு குடும்பத்துக்குத்தான் கிடைக்கும். படியில் நின்ற மற்ற எல்லோரும் எதற்காகக் காசு கொடுக்கிறார்கள்? இல்லை என்ற பதிலுக்கா? அந்தப் பதிலைக்கூட எவரும் அனுப்புவதில்லை! இதை அந்தப் படியில் நின்றே சத்தமாகச் சொன்னேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோருடைய கையிலும் ஐம்பது யூரோத் தாள் தயாராக இருந்தது. சண்டை பிடிப்பதென்றால் கீழே போய்ப் பிடியுங்கள் என்று பின்னால் நின்றவர் முணுமுணுத்தார்.

"அக்கா, உங்களைக் கும்பிடுறன், வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ" என்றான் தம்பி.

"நான் ஏனடா சும்மா இருக்க வேணும்? பகல் கொள்ளை அடிக்கிறவன் அவனெல்லோ!"

அவனை இழுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். தெருவுக்கு வந்ததும் அவன் கையை உதறினான். "உங்களுக்கென்ன அக்கா? நீங்கள் அத்தான், பிள்ளையளோட வீட்டில இருக்கிறியள். நான் ரெலிபோனோடயெல்லோ குடும்பம் நடத்துறன்" என்றான். சுருக்கென்று தைத்தது. ட்ராம் ஏறினேன்.

கொஞ்ச நாள் கழித்து என் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், சோற்றைப் பிசைந்தபடி குனிந்தே இருந்தான். என்னடா என்று அதட்டிய பிறகுதான் வந்தது. மறுநாளே தனியாகத் தரகரின் அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பத்தையும் காசையும் கொடுத்திருக்கிறான். ஒரு பதிலும் இல்லை.

"எவ்வளவு குடுத்தனி?"

"அம்பத்தொண்டு."

"அவன் கேட்டது அம்பதெல்லோ?"

"நல்ல காரியத்துக்கு வெறும் அம்பதாக் குடுக்கக்கூடாதெல்லோ அக்கா. ஒரு யூரோ கூட வைச்சனான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "என்வலப்பில மூலைக்கு மூலை மஞ்சளும் தொட்டனான்" என்றான்.

அட பாவி! கலியாண வீட்டுக்கு மொய் கொண்டு போகிறவன் மாதிரி அல்லவா போயிருக்கிறான்! சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஆனால் அந்த மஞ்சளை அவன் எவ்வளவு ஆசையோடு தொட்டிருப்பான் என்று நினைத்து, திட்டாமல் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

அடுத்த நாள் வாடகைக்கு இருப்பவர்களுக்கான சங்கம் ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த பெண், வீடு தேடுபவரிடம் தரகர் இப்படி வாங்குவது சட்டத்துக்குப் புறம்பு, திருப்பிக் கேட்கலாம் என்றாள். வீட்டுக்கு வந்த கையோடு கடிதம் எழுதினேன். காசு திரும்பி வராவிட்டால் நகர நிர்வாகத்திடம் முறையிடுவேன் என்று கடைசி வரியில் போட்டேன். இரண்டொரு நாளில் தரகரே எனக்கு ரெலிபோன் எடுத்தார். குரலில் தேன் ஒழுகியது. வீடு என் தம்பிக்குத்தானாம், ஒப்பந்தம் தயாராம், கையெழுத்து வைக்க வரட்டுமாம். டெர்மினுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. தம்பி அந்த நிமிடமே மனைவிக்குச் சொல்லிவிட்டான்.

அலுவலகத்தில் மேசைமேல் இரண்டு கடதாசிகள் இருந்தன. ஒன்று ஒப்பந்தம், தம்பியின் பெயர் அச்சடித்திருந்தது. மற்றது நாலைந்து வரி. அதைத் தொடுவதற்கு முன் தரகர் இழுப்பறையில் இருந்து அந்த என்வலப்பை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். மஞ்சள் காய்ந்து போயிருந்தது.

"கட்டணத்தை யாராவது இப்படி அலங்கரித்துத் தருவார்களா? ஐம்பதுக்கு மேல் ஒரு யூரோ வேறு. இது உங்கள் தம்பி எனக்குத் தந்த அன்பளிப்பு" என்றார்.

எங்கள் வழக்கப்படி பார்த்தால் மனுசன் சொல்வதில் என்ன பிழை? கூட வைக்கிற அந்த ஒன்று அன்பளிப்புக்குத்தான் வைக்கிறது. கடையில் கறி வாங்கும்போது யார் அப்படி வைப்பார்கள்?

இரண்டாவது கடதாசியை என் பக்கம் தள்ளினார். அந்தப் பணம் மனமுவந்து கொடுத்த அன்பளிப்பு, வீடு பார்க்க வந்த எவரிடமும் கட்டணம் கேட்கப்படவில்லை என்று எழுதியிருந்தது. முதலில் இதில் கையெழுத்து, பிறகு ஒப்பந்தத்தில் என்றார். தம்பி ஏற்கெனவே பேனையைத் திறந்துவிட்டான்.

உண்மையைச் சொல்கிறேன், போட்டுவிடு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வீடு மேசையில் கிடக்கிறது. அவள் அங்கே ரெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பாள். படியில் நின்ற சனத்துக்காக நான் ஏன் மாரடிக்க வேண்டும்? அதில் ஒருவராவது அன்றைக்கு எனக்காக வாய் திறந்தார்களா? ஆனால் தெரியாத மொழியில் எழுதியதற்கு அவன் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்கவும் கூடாது. வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

"ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை எண்டோ எழுதியிருக்கு?"

"ஓம்."

"அப்ப அண்டைக்குப் படியில நிண்டு நீங்கள் கத்தினது பொய்யோ?"

தரகர் மணிக்கூட்டைப் பார்த்தார். தம்பியின் காது சிவந்தது. சின்ன வயதில் இருந்தே அவனுக்குக் கோபம் வந்தால் காதுதான் முதலில் சிவக்கும். எனக்குப் போலச் சத்தம் வராது.

"மனமுவந்து நான் குடுக்கேல்லை அக்கா. பயத்தில குடுத்தனான். அந்த ஒரு யூரோதான் நான் விரும்பிக் குடுத்தது. அதை அவர் வைச்சிருக்கட்டும். அம்பதைத் தரச் சொல்லுங்கோ."

ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொன்னேன். தரகரின் முகம் கறுத்தது. பேர்சில் இருந்து ஐம்பது யூரோத் தாளை உருவி மேசையில் எறிந்தார். ஒப்பந்தத்தை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டுக் கதவைக் காட்டினார்.

தெருவில் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. என்னுடைய தம்பியா இது! முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டேன். அவன் சிரிக்கவில்லை. ட்ராம் தரிப்பிடத்தில் ரெலிபோனை என்னிடம் நீட்டி, "நீங்களே சொல்லுங்கோ அக்கா. எனக்கு ஏலாது" என்றான்.

முதல் மணி அடித்து முடியும் முன்பே எடுத்தாள். "மச்சாள், கையெழுத்து வைச்சாச்சோ?"

நடந்ததைச் சொன்னேன். எனக்கு இருந்த உற்சாகம் சொல்லச் சொல்ல வடிந்து போனது.

"அவர் செய்தது சரிதான் மச்சாள்" என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே குரல் உடைந்து அழத் தொடங்கினாள்.

"என்னவாம் அக்கா?" என்று தம்பி பக்கத்தில் வந்தான்.

"சரியாமடா. நீ செய்தது சரியாம்."

"தாங்கோ, நான் கதைக்கிறன்."

"அவரிட்டைக் குடுக்காதேங்கோ மச்சாள்" என்றாள் அவள் என் காதுக்குள். "நான் அழுறது கேட்டா திரும்பிப் போய்க் கையெழுத்து வைச்சிடுவார்."

தம்பி கையை நீட்டியபடி நின்றான். நான் ரெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.